ஒரு சட்டை குறைகிறது

இஸ்திரிக்காரம்மாவுக்கு,

மார்கழி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மேஜைமேல் ஒரு பழைய செய்தித்தாளும் கொஞ்சம் சணலும் கிடக்கின்றன. இன்று காலை உன் வீட்டுக்காரர் இந்தத் தாளில் ஒரு சட்டையைச் சுற்றி, சணலால் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். தாளை முகத்தருகே கொண்டுபோனால் உன் வண்டியின் வாசனை இன்னும் இருக்கிறது. கரி, சூடு பட்ட பருத்தி, அதற்கு அடியில் கொஞ்சம் ஈரம். அந்தச் சட்டையைத் தேய்த்துவைத்த கை போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது என்று நினைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். நின்றுகொண்டு நினைக்க முடியவில்லை.

எந்தச் சட்டை என்று உனக்குத் தெரியும். நீலக் கட்டம் போட்டது. அதற்காகத்தான் நடுத்தெருவில் நின்று நான் உன்னைத் திருடி என்றேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்கு எல்லாம் தெரிந்த கதைதான். பாதி எனக்குத்தான் இன்று காலை ஒன்பது மணிவரை தெரியாமல் இருந்திருக்கிறது. இந்த வயதில், இருபத்தொன்பது வருஷம் அரசாங்கக் கிடங்கில் சாமான் எண்ணியே சம்பளம் வாங்கின எனக்கு.

என் வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன் ஆடியில் போனார். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. காரியங்கள், உறவுகள், கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. கொடியில் துணி காயாது. சுவரில் ஈர ஓதம் ஏறும். நான் கட்டிலிலிருந்து எழுந்திருப்பதற்குக் காரணம் தேடினேன், அகப்படவில்லை. கனடாவிலிருந்து மகன் போன் செய்வான். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்பான். "குளிர்காலம்டா" என்பேன். "எங்க ஊர்ல வெளியில கை நீட்டினா விரல் உறைஞ்சிடும்மா. மெட்ராஸ்ல உனக்கு என்ன குளிர்காலம்?" என்று சிரிப்பான். அவன் சொல்வதும் நியாயம்தான். மின்விசிறியை ஒன்றில் வைத்துக்கொண்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, இது குளிர்காலம் என்று யாரிடம் சொல்வது?

அப்படி ஒருநாள் பீரோவைத் திறந்தேன். அவருடைய வெள்ளைச் சட்டைகளில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சணம். தோள், காலர், பட்டன் பட்டி எல்லாவற்றிலும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பத்துச் சட்டைகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் துவைத்தேன். இரண்டு நாள் கூடத்தில் மின்விசிறிக்கடியில் காயவைத்தேன். பிறகு பையில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற உன் வண்டிக்கு வந்தேன். பதினோரு நாளுக்குப் பிறகு அன்றுதான் தெருவைப் பார்த்தேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பாதித் தெருக்கள் கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறிவிட்டன. நீ கரியை விடவில்லை. நீலத் தார்ப்பாய் கட்டின வண்டி, அடியில் துணி வைக்க ஓர் அறை, மேலே கம்பளி விரித்த பலகை. காலையில் நீ தேய்ப்பாய், பிற்பகலில் உன் வீட்டுக்காரர் ஏழுமலை தேய்ப்பார்.

"எத்தினி உருப்படிமா?"

"பத்து."

என் கண்ணாடியைப் பார்த்து, "டீச்சரா?" என்றாய். இல்லை என்றேன். அன்றிலிருந்து நான் டீச்சரம்மா. கிடங்கில் வேலை பார்த்தவள் என்று மூன்று தடவை சொல்லியும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. நீ, வா, போ என்று பேசியதிலும் எனக்கு முதலில் கோபம்தான். ஆபீஸில் பியூன்கூட என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

மறுநாள் வாங்க வந்தேன். நின்ற இடத்திலேயே எண்ணினேன். ஒன்பது இருந்தது.

"ஒண்ணு குறையுதே?"

"கரி அவிஞ்சிபோச்சிமா. நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

மறுநாளும் இறங்கி வந்தேன். என்ன செய்வது, அவருடைய சட்டை. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, கவிழ்த்துவைத்த பக்கெட்டைக் காட்டி, "குந்துமா, தூறல் நிக்கட்டும்" என்றாய். தூறல் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. பெட்டியின் பக்கத்தில் கை வைத்துக்கொள்ளச் சொன்னாய். அந்தச் சூடு உள்ளங்கை வழியாக முழங்கை வரை வந்தது நினைவிருக்கிறது. எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. நான் வெளியில் டீ குடிக்கிறவள் இல்லை. அன்று குடித்தேன்.

பத்துச் சட்டையும் முடிந்த பிறகு என்ன செய்தேன் என்பதை உனக்கு இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். நீ தேய்த்துக் கொடுத்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, காயவைத்து, மறுபடியும் உன்னிடமே கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் காலரைக் கையில் கசக்குவேன், முழங்கை இடத்தைச் சுருட்டுவேன், யாரோ போட்டுக் கழற்றியது போல இருக்கட்டும் என்று. நீ கேட்டால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்: மகன் வந்தால் போட்டுக்கொள்வான். நீ கேட்கவே இல்லை. எத்தினி உருப்படி என்றுமட்டும் கேட்பாய். உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன்.

என் பங்குக்கு எனக்கு உன்மேல் மூன்று குறை இருந்தது. ஒன்று, அடிக்கடி ஓர் உருப்படி குறையும். இரண்டு, கேட்டால் நாளைக்கு வா என்பாய். மூன்று, மற்ற வீடுகளுக்கெல்லாம் ஏழுமலை மாடியேறிப் போய்த் துணி கொடுப்பார், எனக்கு மட்டும் "நீயே எறங்கி வாமா". எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன். கிடங்குப் புத்தி போகுமா? ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, கொடுத்தது, வாங்கியது. குறைந்த நாளில் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். என்றைக்காவது உன் எதிரில் விரித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஆனால் வட்டம் போட்ட கையோடு மறுநாள் இறங்கி வரவும் செய்தேன். வந்தால் பக்கெட்டில் உட்கார்ந்தேன். நீ பேசிக்கொண்டே தேய்ப்பாய். உன் வாயில் ஓயாமல் ஏதாவது ஒன்று இருக்கும், பாதி நேரம் யாரையாவது கிண்டல். மஃப்ளரோடு வரும் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா ஊட்டிக்கு கெளம்பிடுச்சி" என்று எதிர்க்கடைக்குக் கேட்கச் சொல்வாய். சட்டையை ரொம்ப உலர்த்திக் கொண்டுவந்தால் திட்டுவாய். "இப்டி மொறமொறன்னு எட்த்துகினு வந்தா பெட்டி இன்னா பண்ணும்? கொஞ்சம் ஈரமா இருந்தாதாம்மா நல்லா படியும்." கையில் தண்ணீர் எடுத்து விசிறுவாய். துளிகள் என் கண்ணாடியிலும் படும்.

ஒரு கார்த்திகையில் நீ சொன்னது இன்று காலையிலிருந்து காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் வீடு ஆற்றங்கரையில் இருந்தது, இடித்துவிட்டு உங்களையெல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மழை கொட்டும்போதுமா வர வேண்டும், வீட்டில் இருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"வூட்ல குந்திகினு இன்னாமா பண்றது? கரையில இருக்கசொல்லோ மழ வந்தா வூட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துடும். எல்லாரும் பள்ளிக்கூடத்துல போய் ஒண்ணா கெடப்போம். சண்ட, சிரிப்பு, ஒரே கூச்சல். இப்போ எட்டாவது மாடி. தண்ணியும் வராது, மன்சாளும் வராது. செவுத்தப் பாத்துகினு இருந்தா கண்டதும் நெனப்பு வருது. அதான் வந்துடறது."

நான் தலையாட்டினேன். உனக்கு என் சமாசாரம் தெரியும் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இனி இந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

இந்த வருஷ மழை எனக்கு முன்னைவிட மோசமாக இருந்தது. அவர் போன பிறகு ஐந்தாவது மழை, பழகியிருக்க வேண்டும், ஆனால் பழகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம் வந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனேன். அவருடைய பிறந்தநாளுக்கு முந்தின நாள், அதுவரை உன்னிடம் தராத நீலக் கட்டச் சட்டையை மற்ற நாலோடு சேர்த்துக் கொடுத்தேன். அவர் ரிடையர் ஆனபோது தி. நகரில் கூட்டத்தில் இடிபட்டு நான் எடுத்தது. "இந்த வயசுல எனக்கு எதுக்கு இவ்வளவு பளபளப்பு?" என்றவர், பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் போட்டுக்கொண்டார். பிறந்தநாளன்று அதை அவர் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று இருந்தேன்.

காலையில் வந்து எண்ணினேன். நாலு இருந்தது. நீலம் இல்லை.

"நீலச் சட்டை எங்க?"

"நாளைக்கு வாங்கிக்கமா."

"நாளைக்கு வேண்டாம். இன்னிக்கு வேணும்."

"கரி அவிஞ்சி..."

பெட்டியில் கரி செக்கச்செவேலென்று இருந்தது. இரண்டு பேரும்தான் பார்த்தோம். அதற்குமேல் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "நாலு வருஷமா பாக்கறேன். எப்பப் பார்த்தாலும் ஒண்ணு குறையுது. எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இத்தனை நாள் சும்மா இருந்தேன். திருடி!" என்றேன். கட்டட வாட்ச்மேன் எழுந்து நின்றார். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. நீ பெட்டியை அதன் தட்டில் வைத்தாய். என்னையே பார்த்தாய். உன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"நாளைக்கு வந்து வாங்கிக்கோமா" என்றாய், அதே குரலில்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். சொன்னபடி வரவும் இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன். ஐந்தாம் நாள் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது வாட்ச்மேன் படியில் நின்றார். "உங்களுக்குத் தெரியாதாமா? இஸ்திரிக்காரம்மா போயிடுச்சி. முந்தாநாள் காலைல பஸ் ஸ்டாப்புல நெஞ்சு வலின்னு குந்திச்சாம். அவ்ளோதான்." நான் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். தெருமுனை மின்சாரப் பெட்டியில் உன் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, எப்போதோ யார் கல்யாணத்திலோ எடுத்த படம். உன் பெயரை அதில்தான் முதன்முதலாகப் படித்தேன். எத்தனை நாள் பக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டதே இல்லை. இந்தக் கடிதத்திலும் அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

உன் வீட்டுக்கு வரவில்லை. பெரும்பாக்கம் தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான் உண்மையான காரணம். போன பிறகும் உன்மேல் ஒரு மூலையில் கோபம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: சட்டை போயிற்றே என்று. அந்த அளவுக்குக் கேவலமாக இருந்தேன். வண்டி சங்கிலி போட்டுத் தார்ப்பாய்க்கடியில் நின்றது. நான் மறுபடியும் கட்டிலில். எழுந்து இறங்கி வர இந்தத் தடவை சட்டை இருந்தும் தேய்க்க நீ இல்லை.

இன்று காலை கதவு தட்டிய சத்தம். ஏழுமலை. தாடி வளர்ந்து, சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டு, ஆள் பாதியாக இருந்தார். கையில் இந்தப் பொட்டலம்.

"டீச்சரம்மா, இது உன்னுதுதான? வண்டியில அடில இருந்துச்சி."

பிரித்தேன். நீலக் கட்டம். காலர் நிமிர்ந்து, கை மடிப்புக் கத்தியாக, பட்டன்கள் எல்லாம் போட்டு.

"இதை எப்ப தேய்ச்சாங்க?"

"நீ வந்து கத்தினல்ல, அன்னிக்கு காலைலதான். மொத வேலையா இத்ததான் தேச்சிச்சி. தேச்சி அடியில வெச்சிச்சி."

"அப்போ நான் கேக்கும்போது..."

"அடியிலதான் கெடந்துச்சி."

"அப்புறம் ஏன் குடுக்கலை?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார், இதுகூடவா தெரியாது என்பது போல. "குடுத்துட்டா நீ நாளைக்கு வரமாட்டியேமா" என்றார்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "மொத வருசமே சொல்லுச்சி. 'அந்தம்மா வூட்ல சட்ட போட ஆளு இல்ல. காலர்ல வேர்வ இல்ல, அழுக்கு இல்ல, கையால கசக்கி எட்த்துகினு வருது. இத்த வுட்டா கீழ எறங்கறதுக்கு அதுக்கு வேற வேல கெடயாது. ஒண்ண நிறுத்தி வெச்சாதான் மறுநாளு வரும்'னு. மேல எட்த்துகினு போய் குடுக்கக்கூடாதுன்னு என்கிட்டயும் கண்டிசனா சொல்லிச்சி. மழ மாசத்துலதாமா. தை பொறந்துட்டா கணக்கு கரெக்டா கீதுல்ல? நீ பாத்ததில்லயா?"

நான் உள்ளே ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். நோட்டை எடுத்துக் கூடத்து விளக்கடியில் விரித்தேன். நாலு வருஷம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பக்கங்களில் வட்டம், வட்டம், வட்டம். தையில் ஒன்றுமில்லை. மாசியில் இல்லை. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை, கொடுத்தது எவ்வளவோ வாங்கியதும் அவ்வளவு. மறுபடி மழை, மறுபடி வட்டம். உன்மேல் குற்றம் சாட்ட நான் என் கையால் எழுதிவைத்த நோட்டு. எத்தனை தடவை புரட்டியிருப்பேன்! ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. எனக்கு இன்னமும் நம்பமுடியவில்லை, ஆனால் சிவப்பு மை அப்படியே இருக்கிறது.

திரும்பி வந்து கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் திட்டினதைச் சொன்னாங்களா?"

"சொல்லிச்சி. சிரிச்சிகினே சொல்லிச்சி. 'டீச்சரம்மாக்கு கோவம் வந்துடுச்சி. நல்லதுதான், ஒரு மாசமா அதுக்கு கோவங்கூட வரல'ன்னு." அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஆனா நீல சட்டைய நிறுத்தினது தப்புன்னும் சொல்லிச்சி. அதுதான் ஆசையான சட்டன்னு பாத்தவுடனே அதுக்கு தெரிஞ்சிபோச்சி. அத்த வெச்சா கண்டிப்பா வருவேன்னு நெனச்சிச்சி. மறுநாளு நீ வரலன்னதும் மரத்தாண்டயிருந்து உன் ஜன்னலையே பாத்துகினு இருந்திச்சி."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, அம்மா. வண்டிக்கடியிலிருந்து எடுத்து என் முகத்தில் வீசியிருந்தால் தெரு முழுக்க என்னைத்தான் பார்த்திருக்கும். வாட்ச்மேன் எதிரில், டீக்கடை எதிரில், திருடி என்ற பேரை வாங்கிக்கொண்டு நின்றாய், நான் மறுநாள் படியிறங்கி வர வேண்டும் என்பதற்காக. நான் வரவில்லை. எனக்கு இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. நீ சிரித்துவிட்டாய் என்று தெரிந்த பிறகு அதைக் கேட்பதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழுமலை போகத் திரும்பினார். "இதாம்மா கடசி உருப்படி. எல்லா வூட்டுதும் குடுத்தாச்சி. சைதாப்பேட்டையில ஒருத்தரு வண்டிய வெலைக்கு கேட்டுகினு இருந்தாரு. இன்னிக்கே வர்றேன்னாரு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? வூட்லதான்."

எட்டாவது மாடி. தண்ணியும் வராது, மன்சாளும் வராது. நீ சொன்னது உன் குரலிலேயே கேட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று உள்ளே போய், கொடியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தேன். வெள்ளைச் சட்டை நாலு. கசக்கவில்லை, இனி எதற்கு? நீலச் சட்டையையும் எடுத்துக்கொண்டேன். அவரோடு கூடவே படியிறங்கினேன். வேண்டாம்மா, கரி இல்லை, பெட்டியைத் தொட்டு எத்தனையோ நாளாச்சு என்றார். கரிமூட்டை தார்ப்பாய்க்கடியிலேயே இருந்தது. நான் போய்ப் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கிற மாதிரி இல்லை என்று பார்த்ததும் முனகிக்கொண்டே சங்கிலியை அவிழ்த்தார். கரி பிடிக்க அரைமணி ஆயிற்று. தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளைச் சட்டை நாலும் ஆனது. நீலத்தை விரித்தவர் கையை எடுத்துவிட்டார். "இது தேச்சதுதாம்மா. அது தேச்சது."

"மூணு வாரம் வண்டிக்குள்ள கிடந்திருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டார். ஓதம் ஏறிச் சில்லென்று இருந்தது. "ஈரமாதான் கீது" என்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஈரமா இருந்தாதான் படியும்னு சொல்லும்" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் துடைத்துக்கொண்டேன்.

பெட்டியை எடுக்கப் போனார். நான் எழுந்து நாலு வெள்ளைச் சட்டையையும் கையில் அடுக்கிக்கொண்டேன்.

"அது இருக்கட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அவர் நீலச் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலையில் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னவரே அவர்தான். அவருக்குத் தெரியாதா? கரியில் சாம்பல் பூக்க ஆரம்பித்திருந்தது.

"சைதாப்பேட்டைக்காரரு இப்போ வருவாரேமா."

"அவரையும் நாளைக்கு வரச் சொல்லுங்க."

"மழ வந்துச்சின்னா?"

"மழை வந்தாலும் நான் வருவேன்."

சட்டையை மடித்து, வண்டிக்கடியில், நீ வைத்த அதே இடத்தில் வைத்தார். "ஒம்போதுக்கு மேல வாமா. பஸ்ஸு லேட்டாவும்" என்றார்.

மாடியேறி வந்து முதல் வேலையாக நோட்டை எடுத்தேன். இன்றைய தேதி போட்டேன். கொடுத்தது ஐந்து. வாங்கியது நாலு. பழக்கத்தில் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. வட்டம் போடாமல் மூடிவைத்துவிட்டேன்.